பானை ஒன்று, தனி பல

1973இல் ஜான் மெக்லாலின் கிட்டார் வாசித்தபோது அவருக்குப் பின்னால் பில்லி காபம் உட்கார்ந்திருந்தார். இரண்டு பாஸ் டிரம், வரிசையாக டாம்டாம்கள், தலைக்கு மேல் சிம்பல்கள். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் சத்தத்துக்கு அந்த டிரம் செட்டுதான் அஸ்திவாரம். இரண்டே ஆண்டு கழித்து, 1975 ஜூலை 5 அன்று, நியூயார்க் மாநிலத்துச் சவுத்தாம்ப்டன் கல்லூரி மேடையில் அதே மெக்லாலின் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டிரம் செட் போய்விட்டது. பக்கத்தில் எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, ராம்நாட் ராகவனின் மிருதங்கம். டி.எச். விநாயக்ராமின் மடியில் ஒரு மண்பானை.

அன்று பதிவு செய்யப்பட்டது அடுத்த ஆண்டு சக்தி குழுவின் முதல் இசைத்தட்டாக வந்தது. உலக ராக் ரசிகர்களில் பெரும்பாலோர் கடம் என்ற வாத்தியத்தைக் கேட்டது அப்போதுதான். கர்நாடகக் கச்சேரியில் கடைசி வரிசை வாத்தியமாக இருந்த பானை, மின்சாரக் கிட்டார் உலகத்தில் முன்வரிசைக்கு வந்த கதை அங்கே தொடங்குகிறது. ஒரே கலைஞர், ஒரே வகைப் பானை; ஆனால் தனி, அதாவது தாளவாத்தியம் மட்டும் பேசும் பகுதி, சுற்றுப்பயணத்துக்குச் சுற்றுப்பயணம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எது மாறியது, ஏன் மாறியது என்று ஆண்டு வரிசையில் வைத்துக் கேட்டால் வாத்தியத்தின் வாழ்க்கை வரலாறே கிடைத்துவிடும்.

ராக் ரசிகர்கள் செய்யும் வேலை

இப்படி ஆண்டு வாரியாக அடுக்கிக் கேட்பதில் ராக் ரசிகர்கள் கைதேர்ந்தவர்கள். லெட் செப்பலின் டிரம்மர் ஜான் பான்ஹமின் ‘மோபி டிக்’கை எடுத்துக்கொள்ளுங்கள். 1969இல் வந்த இசைத்தட்டில் அது நாலு நிமிஷத்துச் சொச்சம். 1970 ஜனவரியில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கால் மணி நேரம் ஆகிவிட்டது. 1972 அமெரிக்கப் பயணத்தில் எடுத்து 2003இல் வெளியான பதிவில் பத்தொன்பது நிமிஷம். 1977 பயணத்தில் அதே தனி ‘ஓவர் தி டாப்’ என்ற வேறு பெயரோடு சில இரவுகளில் அரை மணியைத் தொட்டது. பெரிய டிம்பனி டிரம்களின் ஒலியை மின்கருவி வழியாகத் திரித்து வேறு சேர்த்துக்கொண்டார். நடுவில் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையால் வாசிக்கும் பகுதி ஒன்று வரும். தென்னிந்தியக் காதுக்கு அந்தச் சில நிமிஷங்கள் அந்நியமாகவே தோன்றாது.

கிரேட்ஃபுல் டெட் குழுவில் இதை ஒரு சடங்காகவே ஆக்கியிருந்தார்கள். 1978 முதல் ஏறக்குறைய ஒவ்வொரு கச்சேரியின் இரண்டாம் பாதியிலும் மிக்கி ஹார்ட்டும் பில் க்ராய்ட்ஸ்மனும் மட்டும் மேடையில் நிற்க, மற்றவர்கள் இறங்கிவிடுவார்கள். ரசிகர்கள் டேப் எடுப்பதைக் குழு தடுக்கவில்லை. 1984இல் அரங்கத்துக்குள் அவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தது. தேதி, ஊர், அரங்கின் பெயர் எல்லாம் எழுதிய ஆயிரக்கணக்கான டேப்புகள் கைமாறின. எந்த ஆண்டு தனி சிறந்தது என்ற சண்டைக்கு முடிவே வராது; சண்டை போடத் தேவையான சாட்சியம் மட்டும் முழுசாகக் கையில் இருக்கிறது.

பான்ஹமின் தனி நீண்டதில் ஒரு பங்கு கருவிகளுக்கு உண்டு. காங் வந்தது, டிம்பனி வந்தது, மின்சாரம் வந்தது. கடத்துக்கு அந்த வசதி கிடையாது. பானைக்கு மேல் இன்னொரு பானையைப் பொருத்த முடியாது. மாற்றம் வேறு திசையிலிருந்துதான் வர வேண்டும்.

சூளையிலிருந்து மடிக்கு

கடம் சமையல் பானையின் உறவுக்காரன்தான், ஆனால் பங்காளிச் சண்டை உண்டு. சமையல் பானைக்குச் சுவர் மெல்லிசாக இருந்தால் சீக்கிரம் சூடேறும். கடத்துக்குச் சுவர் கனமாகவும், எங்கே தட்டினாலும் ஒரே பருமனாகவும் இருக்க வேண்டும். சிவகங்கை மாவட்டம் மானாமதுரைக் கடத்தில் மண்ணோடு பித்தளைத் துகள் சேர்கிறது. சக்கரத்தில் வனைந்த பிறகு, உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை இறுக்குகிறார்கள். ஓரிடத்தில் ஒரு சுற்று கூடத் தட்டினாலும் நாதம் கோணும். நிழலில் காய வைத்து மறுபடி தட்டிச் சூளையில் வேக வைக்கிறார்கள். எந்தச் சுருதியில் வந்திருக்கிறது, வாசிக்கத் தேறுமா என்பது சூளையைப் பிரித்துத் தட்டிப் பார்த்தால்தான் தெரியும். இந்த வேலைக்காகவே மானாமதுரை மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றார். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மானாமதுரைக் கடம் கனம். விரலைக் கேட்கும், பதிலுக்கு வெண்கலம் போலக் கணீர் என்று பேசும். சென்னைக் கடம் இலேசு. வேகமான சொற்களுக்கு அது சௌகரியம். கர்நாடகத்தில் தேவனஹள்ளிக் கடமும் அதே இலேசான இனம்தான், பித்தளைத் துகள் கிடையாது.

குடுபல்லியில் இருக்கிற எங்களுக்கு இந்தப் புவியியல் வாசல் திண்ணையிலிருந்தே தெரியும். சென்னை–பெங்களூரு ரயில் பாதை குப்பத்தைத் தாண்டி எங்கள் ஊர் வழியாகத்தான் பங்காரப்பேட்டை போகிறது. ஒரு பக்கம் சென்னைக் கடத்தின் ஊர், மறு பக்கம் தேவனஹள்ளிக் கடத்தின் ஊர். பெங்களூரு சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்து ராமநவமிக் கச்சேரிகளுக்குச் சென்னை வித்வான்கள் போக ஆரம்பித்த நாளிலிருந்து துணியில் சுற்றிய பானைகள் இந்தத் தண்டவாளத்தின் மேல் எத்தனையோ முறை போய் வந்திருக்கும். ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் முட்டிக்கொள்ளும் இந்த மூலையில் உட்கார்ந்து கேட்டால், கடத்தை ஓர் ஊருக்கு மட்டும் எழுதிவைக்க மனசு வராது.

பானைக்குள் இரண்டு ஒலிகள் குடியிருக்கின்றன. சுவரைத் தட்டினால் வருவது உச்ச ஒலி: கழுத்தில் ஒரு மாதிரி, வயிற்றில் ஒரு மாதிரி, நகம் பட்டால் ஒன்று, உள்ளங்கையின் அடிப்பகுதி பட்டால் இன்னொன்று. உள்ளே அடைபட்ட காற்று எழுப்புவது அடி ஒலி. பானையின் வாயை வயிற்றோடு ஒட்டிப் பிடித்து, அழுத்தியும் தளர்த்தியும் அந்த அடி ஒலியை ஏற்றி இறக்கலாம். கும்கி பிறப்பது இப்படித்தான். சட்டைத் துணி நடுவில் வந்தாலே அதன் நிறம் மாறிவிடும். சுருதி கூட்டுவதற்கு வாரோ கட்டையோ கிடையாது. கொஞ்சம் களிமண்ணை ஒட்டி ஒரு மயிரிழை இறக்கலாம், அவ்வளவுதான். பாடகரின் சுருதிக்கு ஏற்றபடி பானையைத்தான் மாற்ற வேண்டும்.

1955: தூத்துக்குடி

விக்கு விநாயக்ராம் என்று அழைக்கப்படும் டி.எச். விநாயக்ராம் 1942 ஆகஸ்டில் பிறந்தவர். 1955இல் தூத்துக்குடி ராமநவமி விழாவில் வி.வி. சடகோபனுக்குக் கடம் வாசித்ததுதான் அரங்கேற்றம். வயது பதின்மூன்றுகூட நிறையவில்லை. தகப்பனார் டி.ஆர். ஹரிஹர சர்மாவே குரு. சர்மா 1958இல் சென்னையில் தொடங்கிய ஜெய கணேஷ் தாளவாத்ய வித்யாலயம் பின்னாளில் உலகம் முழுக்க மாணவர்களை வரவழைத்தது. செம்பை வைத்தியநாத பாகவதர், ஜி.என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர், எம்.எஸ். சுப்புலட்சுமி என்று அந்தத் தலைமுறையின் பெரிய பாடகர்களுக்கெல்லாம் விநாயக்ராம் வாசித்தார்.

அந்தக் காலத் தனி எப்படி அமையும்? பிரதான கிருதி முடியும் இடத்தில் பாடகர் கைகாட்டுவார். முதல் சுற்று மிருதங்கத்துக்கு. பிறகு கடத்துக்கு. இரண்டு சுற்றுக்குப் பிறகு குறைப்பு: இரண்டு ஆவர்த்தனம் மிருதங்கம் வாசித்தால் இரண்டு ஆவர்த்தனம் கடம் பதில் சொல்லும், பிறகு ஒன்று, அரை, கால் என்று சுருங்கி, கடைசியில் இருவரும் சேர்ந்து பரன், மோரா, மூன்று முறை கோர்வை. எடுப்பு இடத்தில் பாடகர் வரியைப் பிடித்துக்கொள்வார்.

இந்த அமைப்பில் கடக்காரரின் வேலை பதில் சொல்வது. கேள்வி எப்போதும் மிருதங்கத்தினுடையது. மிருதங்கம் திஸ்ரத்தில் போனால் இவரும் திஸ்ரத்தில் போக வேண்டும். அவர் விட்ட இடைவெளியை இவர் மதிக்க வேண்டும். கடத்துக்கு உபபக்கவாத்தியம் என்று பெயர், சம்பளத்திலும் அதே வரிசை. பழைய மேடைகளில் கடத்துக்குத் தனியாக ஒரு மைக் வருவது அவரவர் அதிர்ஷ்டம். பழனி கிருஷ்ணய்யர், உமையாள்புரம் கோதண்டராமய்யர், ஆலங்குடி ராமச்சந்திரன் போன்ற பெரியவர்கள் இந்த எல்லைக்குள் நின்றே பெயர் வாங்கினார்கள். அந்தச் சிறிய இடத்துக்குள் கற்ற ஒழுங்குதான் பின்னால் பெரிய இடத்தில் கைகொடுத்தது.

1975: சவுத்தாம்ப்டன்

மெக்லாலின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். எல். சங்கரும் ராம்நாட் ராகவனும் அந்த வெஸ்லியன் வட்டத்தில் இருந்தவர்கள். ஜாகிர் உசேன் அப்போது கலிபோர்னியாவில். வடக்கும் தெற்கும் ஒரே குழுவில் தாளம் போடுவது அன்று அபூர்வம். தபலாவுக்கும் கடத்துக்கும் நடுவில் மிருதங்கம் பாலம் போட்டது.

அந்த முதல் தட்டில் மூன்றே உருப்படி. ‘ஜாய்’ பதினெட்டு நிமிஷம். நடுவில் சின்னதாக ‘லோட்டஸ் ஃபீட்’. மூன்றாவதன் பெயரே ஒரு பத்தி நீளம். அது அரை மணி ஓடுகிறது. ‘ஜாய்’ கேட்டவர்களுக்குத் தெரியும், முதல் நொடியிலிருந்தே ஓட்டப் பந்தயம். கிட்டாரும் வயலினும் ஒன்றை ஒன்று முந்துகின்றன, தாளவாத்தியங்கள் விடாமல் துரத்துகின்றன. ஜாகிருக்கு வயது இருபத்து நான்கு, விநாயக்ராமுக்கு முப்பத்திரண்டு. இளமை எல்லா இடைவெளியையும் நிரப்பிவிடுகிறது.

கடத்தை மட்டும் காதில் பிடித்துக்கொண்டு கேட்டால், கிடைப்பது பெரும்பாலும் உச்ச ஒலிகள்: கழுத்தில் விழும் விரல் நுனி, நகத்தின் கிணுக்கு. அடி ஒலியைத் தபலாவின் பாயாவும் மிருதங்கத்தின் தொப்பியும் எடுத்துக்கொள்கின்றன. மூன்று தாளவாத்தியம் கூடிய இடத்தில் பானை தன் இடத்தை மேலே தேடிக்கொண்டது. சபாவில் பழகிய கட்டுப்பாடுதான் அது: பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராமல், இடைவெளி பார்த்து உள்ளே நுழைவது. ஆனாலும் ஒரு பெரிய மாற்றம் நடந்திருந்தது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் முன்னால் ஒரு மைக் இருந்தது. பானையின் நகச்சத்தமும் கிட்டாரின் தந்திச்சத்தமும் கடைசி வரிசைக்கு ஒரே அளவில் போயின.

1976, 1977: மிருதங்கம் இல்லாத ஆண்டுகள்

அடுத்த தட்டிலேயே ராகவன் இல்லை. 1976இன் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, 1977இன் ‘நேச்சுரல் எலிமெண்ட்ஸ்’ இரண்டிலும் தாளத்துக்கு ஜாகிரும் விநாயக்ராமும் மட்டும்தான். அந்த இரண்டு ஆண்டுகளிலும் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ விழாவில் சக்தி வாசித்ததும் பதிவாகிப் பின்னால் வெளியாகியிருக்கிறது. 1975ஐயும் இவற்றையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

மிருதங்கம் எழுந்து போனதும் கடத்தின் வயிறு திறந்துகொண்டது. கும்கிகள் கூடின. தெற்கத்திக் கணக்கு முழுவதையும் இப்போது ஒரே ஆள் சுமக்க வேண்டும். கேள்வி கேட்பதும் அவரே, பதில் சொல்வதும் அவரே. உச்ச ஒலியில் ஒரு சொல்லைப் போட்டு, அடி ஒலியில் அதற்கே மறுமொழி சொல்கிறார். மிருதங்கத்தின் வலந்தலையும் இடந்தலையும் செய்கிற வேலை அது. முதல் வரிசை வாத்தியம் இல்லாத மேடையில் இரண்டாம் வரிசை வாத்தியம் இரண்டு வேலையையும் கற்றுக்கொண்டது.

இன்னொரு சிக்கலும் அங்கே காத்திருந்தது. மயிலாப்பூர் சபாவில் முன்வரிசை முழுக்கக் கையில் தாளம் போடும். கோர்வை எங்கே போய் விழப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அந்த எதிர்பார்ப்பின் மேல்தான் தனியின் சுவையே நிற்கிறது. மான்ட்ரோவில் அப்படி யாரும் இல்லை. தாளமே தெரியாத கூட்டத்துக்குக் கணக்கை எப்படிப் புரியவைப்பது?

விடை கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்களை வாயால் சொல்வது. ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’யின் முதல் உருப்படி சொற்கட்டோடுதான் தொடங்குகிறது. வாயால் சொன்னதைக் கேட்டவன், அதையே விரலில் கேட்கும்போது அடையாளம் கண்டுகொள்கிறான். கணக்கு புரியாவிட்டாலும் சொல் பிடிபடுகிறது. நம் குருகுலத்தில் பாடம் சொல்லும் முறை அங்கே மேடை உத்தியாகிவிட்டது. இன்று உலக இசைக் கல்லூரிகளில் டிரம் மாணவர்கள் ‘தகதிமி’ சொல்லிப் பழகுவதற்குச் சக்தியின் இந்தத் தட்டுகள் ஒரு முக்கியக் காரணம்.

அதே எழுபதுகளில், விநாயக்ராம் அமெரிக்கா போயிருந்தபோது, சென்னை வித்யாலயத்தில் இன்னொரு காரியம் நடந்தது. சுகன்யா ராம்கோபால் என்ற மாணவி கடம் கற்க விரும்பினார். பெண் கைக்குக் கடம் கஷ்டம் என்று விநாயக்ராம் தயங்கியிருந்தார். ஹரிஹர சர்மா தயங்கவில்லை, தானே பாடம் எடுத்தார். மகன் பானையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோன காலத்தில் தகப்பனார் அதை உள்ளூரில் பூட்டியிருந்த ஒரு வாசல் வழியாக வெளியே கொண்டுவந்தார். கடம் வாசித்த முதல் பெண் கலைஞர் என்று சுகன்யாவைச் சொல்வது வழக்கம். பெங்களூரில் குடியேறிய அவர், வெவ்வேறு சுருதிக் கடங்களை வரிசையாக வைத்து வாசிக்கும் ‘கட தரங்கம்’ அமைத்தார். பானைக்கு மேல் பானை பொருத்த முடியாது என்றேனே, பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம் என்று காட்டியவர் அவர்.

1991: டிரம்மர்களின் கூட்டம்

சக்தி எழுபதுகளின் கடைசியில் கலைந்தது. ஆனால் ஜாகிர் வழியாக இன்னொரு கதவு திறந்திருந்தது. கிரேட்ஃபுல் டெட்டின் மிக்கி ஹார்ட்டும் ஜாகிரும் 1976லேயே ‘டிகா’ என்ற தாளக் குழுவில் சேர்ந்து தட்டு போட்டவர்கள். 1991இல் ஹார்ட் ‘பிளானெட் டிரம்’ என்ற தட்டைக் கொண்டுவந்தார். நைஜீரியாவிலிருந்து பாபாதுண்டே ஒலாதுன்ஜி, சிகிரு அடெபோஜு. பிரேசிலிலிருந்து ஏர்டோ மொரெய்ரா, பாட்டுக்கு ஃப்ளோரா பூரிம். இந்தியாவிலிருந்து ஜாகிரும் விநாயக்ராமும். சிறந்த உலக இசைத் தட்டுக்கான கிராமி விருது முதல் முதலாக 1992இல் வழங்கப்பட்டபோது அதைப் பெற்றது இந்தத் தட்டுதான்.

விருதை ஒதுக்கிவைத்துவிட்டுத் தனியை மட்டும் பார்த்தால், இது கடத்துக்குப் பெரிய ஆண்டு என்று சொல்ல மாட்டேன். ஸ்டூடியோவில் அடுக்கடுக்காகச் சேர்த்த தாளங்கள். தோல், மரம், உலோகம், மண் என்று ஒலிகளின் ஊர்வலம். அதில் கடம் ஓர் அழகான நிறம், அவ்வளவே. கணக்கு பின்னுக்குப் போய் ஒலி முன்னுக்கு வந்தது. ஆனால் ஒரு லாபம் உண்டு. சக்தியில் கடம் கிட்டாருக்கும் வயலினுக்கும் துணை. இங்கே கூடியிருந்தவர்கள் முக்கால்வாசி தாளக்காரர்கள். பாடகருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, தனி முடிந்து வரியைப் பிடிக்க வேண்டியதும் இல்லை. தாளமே கச்சேரி. முப்பது வருஷமாகக் கிருதியின் கடைசியில் கால் மணி நேரம் கிடைத்த ஒரு வாத்தியத்துக்கு அந்த அனுபவம் சாதாரணமானதா?

1997: இடைவெளி விட்ட ஆண்டு

1997இல் மெக்லாலினும் ஜாகிரும் விநாயக்ராமும் மறுபடி சேர்ந்தார்கள். வயலினுக்குப் பதிலாக ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழல். அந்த ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் பதிவானது 1999இல் ‘ரிமெம்பர் சக்தி’ என்று இரட்டைத் தட்டாக வந்தது.

1975இல் தட்டு முழுவதும் ஐம்பது நிமிஷத்துக்குப் பக்கம். இதில் ‘முக்தி’ என்ற ஒரே உருப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது. குழலின் சுபாவமே மூச்சு விட்டு மூச்சு எடுப்பது. வயலின் துரத்தியது போல அது துரத்தாது. வேகம் தணிந்தது. விநாயக்ராமுக்கு வயது ஐம்பத்தைந்து. இருபத்திரண்டு வருஷம் முன்பு நிரப்பிய இடங்களை இப்போது விட்டுவைக்கிறார். ஒரு கும்கியைப் போட்டுவிட்டு அது அடங்கும் வரை காத்திருக்கிறார். அடுத்த அடி எங்கே விழும் என்று நம்மைத் தேட வைக்கிறார். ஒலிப்பதிவும் வளர்ந்துவிட்டது: பானையின் வாய் வயிற்றை விட்டு விலகும்போது காற்று வெளியேறும் மெல்லிய சத்தம்கூடக் காதுக்கு எட்டுகிறது.

என் தீர்ப்பைக் கேட்டால் 1997தான் உச்சம். 1975இல் விரல் பேசுகிறது, 1977இல் வயிறு பேசுகிறது, 1997இல் மௌனமும் தாளத்துக்குள் வந்துவிடுகிறது. பான்ஹமின் தனி ஆண்டுக்கு ஆண்டு கருவி கூடிக் கூடி வளர்ந்தது. விநாயக்ராமின் தனி அடி குறைந்து குறைந்து வளர்ந்தது. இரண்டும் வளர்ச்சிதான். இரண்டாவது வழிக்கு வாத்தியம் எளியதாக இருக்க வேண்டும், கை முதிர்ந்ததாக இருக்க வேண்டும்.

1975இன் வேகத்துக்கு ஈடு கிடையாது என்று வாதாடுபவர்களும் உண்டு. இரண்டு பதிவையும் வைத்துக்கொண்டு வாதாட முடிகிறது என்பதே நல்ல விஷயம்.

மகன் கைக்கு

அதற்குப் பிறகு அந்த இருக்கையில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் உட்கார்ந்தார். 2000இல் வந்த ‘தி பிலீவர்’ தட்டிலிருந்து யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலினும் செல்வகணேஷின் கஞ்சிராவும் சக்தியின் முகமாயின. கடம் அவர் கையிலும் உண்டு. ஆனால் முன்னால் வந்தது கஞ்சிரா. ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டும் அந்தச் சின்ன வாத்தியம் டிரம் செட்டைப் போலப் பேசியதைக் கேட்டு மேற்கத்தி டிரம்மர்கள் அசந்துபோனார்கள். செல்வகணேஷைத் தமிழ் சினிமா ரசிகர்களுக்கு 2009இன் ‘வெண்ணிலா கபடி குழு’ இசையமைப்பாளராகத் தெரியும். ஸ்ரீநிவாஸ் 2014இல் மறைந்தார். சக்தி ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2023இல் ‘திஸ் மோமென்ட்’ தட்டோடு உலகம் சுற்றியது. 2024 பிப்ரவரியில் அதற்குக் கிராமி கிடைத்தது. தகப்பனாரும் மகனும் முப்பத்திரண்டு ஆண்டு இடைவெளியில் கிராமி வென்ற தட்டுகளில் வாசித்த குடும்பம் இது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் காலமானார். 1975இல் தொடங்கிய தபலா–கடம் உரையாடலின் ஒரு குரல் நின்றுவிட்டது.

பானை இந்த ஐம்பது வருஷத்தில் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. இன்றும் அதே மண், அதே கல், அதே பலகை, அதே சூளை. மாறியதெல்லாம் பானையைச் சுற்றி இருந்தவை: பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், எதிரில் யார் கேட்டார்கள், மைக் எவ்வளவு கிட்டத்தில் இருந்தது, வாசித்தவருக்கு என்ன வயது. வாத்தியத்தின் தகுதி என்று நாம் நினைப்பது பல சமயம் அதற்குக் கொடுத்த இடத்தின் அளவுதான். உபபக்கவாத்தியம் என்ற வரிசை மண்ணில் எழுதியிருக்கவில்லை, மேடையில் எழுதியிருந்தது.

நம் வீட்டு டேப்புகள்

இந்தக் கட்டுரையில் 1975, 1976, 1977, 1991, 1997 என்று தேதி போட்டு ஒப்பிட முடிந்ததற்குக் காரணம், அவை வெளிநாட்டில் பதிவாகி, ஆண்டும் இடமும் அச்சிட்டு வெளியானவை. 1955க்கும் 1975க்கும் நடுவில் விநாயக்ராம் சபாக்களில் வாசித்த தனிகளை இதே போல வரிசையாக வைத்துக் கேட்க வழியில்லை. அவருக்கு மட்டும் நேர்ந்த கதி என்று நினைக்க வேண்டாம். கர்நாடகக் கச்சேரிப் பதிவு இசைத்தட்டாகவோ கேசட்டாகவோ வந்தபோது, இடம் போதவில்லை என்றால் முதலில் கத்தரி விழுந்தது தனியில். வீட்டில் டேப் எடுத்தவர்களில் பலரும் தனி வந்தால் டேப்பை மிச்சம் பிடிக்க நிறுத்தினார்கள். அட்டையில் பாடகர் பெயர் இருக்கும், ராகம் இருக்கும். மிருதங்கம் யார், கடம் யார் என்பதற்குக் கோடுகூட இருக்காது.

கிரேட்ஃபுல் டெட் ரசிகர்கள் ஒவ்வொரு டேப்பின் மேலும் தேதி எழுதியதால்தான் ஒரு டிரம்மரின் பதினெட்டு ஆண்டு வளர்ச்சியை இன்றைய மாணவனால் படிக்க முடிகிறது. நம்மிடம் அதைவிடப் பழைய பாரம்பரியம் இருந்தும் படிக்கப் பாடப்புத்தகம் இல்லாமல் இருக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பரணில், சென்னையிலோ சித்தூரிலோ திருப்பதியிலோ பெங்களூரிலோ, தாத்தா எடுத்த ஸ்பூல் டேப்போ கேசட்டோ கிடந்தால் எடுத்துக் கேளுங்கள். தனி இருந்தால் வெட்டாமல் முழுசாகக் கணினிக்கு மாற்றுங்கள். எந்த ஊர், எந்தச் சபா, எந்த ஆண்டு, என்ன தாளம், மிருதங்கம் யார், கடம் யார் என்று தெரிந்த மட்டும் எழுதிவையுங்கள். தெரியாவிட்டால் பழைய ரசிகர்கள் யாராவது இருப்பார்கள், கேளுங்கள்; அவர்களும் இன்னும் ரொம்ப நாளைக்கு இருக்கப்போவதில்லை. ஒரு நல்ல இசைக் கல்லூரிக்கோ நூலகத்துக்கோ ஒரு பிரதி கொடுங்கள். இந்தச் சீசனில் நீங்கள் கைபேசியில் எடுக்கும் பதிவிலிருந்தே அதைத் தொடங்கலாம்: தனி வந்ததும் நிறுத்தாதீர்கள், கடக்காரர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.